இடது சீட்டுச் சாட்சி

லாரிக்கு மூளை வைத்த பிறகு ஓட்டுநர்களுக்கெல்லாம் வேலை போய்விடும் என்றார்கள். வேலை போனது உண்மைதான். சீட்டு மட்டும் போகவில்லை. அதற்குக் காரணம் யாருடைய நல்ல மனசும் இல்லை. மெஷின் சொன்ன பொய்.

முதலில் ஆளே இல்லாமல்தான் ஓடவிட்டார்கள். ரவாங் பக்கத்தில் ஒரு லாரி, மோட்டார் சைக்கிளில் போன புருஷன் பெண்டாட்டியை அடித்துப் போட்டது. கம்பெனி கோர்ட்டில் லாரி கேமரா எடுத்த படம் என்று ஒன்றைப் போட்டுக் காட்டியது. படத்தில் அந்த ஆள்தான் குறுக்கே வந்து விழுந்தான். அருமையான படம், மழைத்துளி கூடத் தெரிந்தது. அன்றைக்கு அங்கே மழையே இல்லை என்று ஒரு கடைக்காரன் வந்து சொன்ன பிறகுதான் குட்டு உடைந்தது. படத்தை மெஷினே வரைந்திருக்கிறது.

அதோடு சட்டத்தை மாற்றினார்கள். படம் செல்லாது, குரல் செல்லாது, இரண்டையும் மெஷின் செய்துவிடும். மனிதன் கண்ணால் பார்க்க வேண்டும், விரலால் எழுத வேண்டும். யோசித்து, தயங்கி, தப்பாக அடித்து, அழித்து மறுபடி அடிக்கிற விரலை எந்த மெஷினாலும் நடிக்க முடியாதாம். அதனால் லாரிக்கு இரண்டு சாட்சிகள், வலது சீட்டில் ஒன்று, இடது சீட்டில் ஒன்று. ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. மடியில் ஒரு பலகை. ஒவ்வொரு ஓய்விடத்திலும் வழியில் பார்த்ததை அதில் அடித்து முத்திரை பட்டனை அழுத்த வேண்டும். முத்திரை போட்ட குறிப்பை நீதிபதி நினைத்தாலும் மாற்ற முடியாது.

அந்தக் குறிப்புச் செயலிக்குக் கம்பெனி ஏதோ நீளமான பேர் வைத்திருந்தது. நாங்கள் கிராணி என்றோம். எஸ்டேட்டில் ஆள் வந்தானா வரவில்லையா என்று பேர் போடுகிற கணக்கனுக்கு அந்தப் பேர்தான். நீ நேரில் நின்றாலும் அவன் எழுதாவிட்டால் நீ வரவில்லை.

நான் காத்தையா, வலது சீட்டு. மூன்றாம் வகுப்புத் தமிழ். இடது சீட்டில் ஆ செங். அவன் அப்பா எங்கள் எஸ்டேட் வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் ஆ செங் பேசும் தமிழில் என் தமிழைவிட வசவு அதிகம். எழுதப் படிக்க அவனுக்குச் சீனம் மட்டும்தான். கிள்ளான் துறைமுகத்திலிருந்து வடக்கே எல்லை வரை போய்த் திரும்புகிற லாரி எங்களுடையது.

சீனத்தில்தான் வம்பு வந்தது.

தாப்பா ஓய்விடத்தில் ஒரு நாள் பலகையைத் தூக்கி டேஷ்போர்டில் போட்டான்.

"என்னடா?"

"மறுபடியும் மயக்கம்னு போட்டுட்டான் லா. ரெண்டாவது தடவை."

எழுதியது குழறலாக இருந்தால் கிராணி பக்கத்தில் 'மயக்கம்' என்று குறித்துவிடும். ஆள் தூங்கி வழிகிறான் அல்லது புத்தி கலங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு மாதத்தில் மூன்று மயக்கம் வந்தால் சீட்டு போய்விடும்.

"தூங்கினியா?"

"உன் தலை. இங்க பாரு. நீ 'க' அடிச்சா 'க' வருது. எனக்கு அப்படியா? நான் மொதல்ல சத்தத்தை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கணும். அடிச்சா கீழ வரிசையா சீன எழுத்து வந்து நிக்கும், மார்க்கெட்ல மீன் அடுக்கின மாதிரி. அதுல எனக்கு எந்த மீனோ அத நான் பொறுக்கணும். பொறுக்குறதுக்கு இந்த பட்டன்."

"சரி, பொறுக்கு."

"பொறுக்குனா இந்தக் கழுதை முத்திரைன்னு நெனைச்சுக்குது! அதுக்கும் இதே பட்டன். நான் இன்னும் மீனையே எடுக்கல, அவன் கடையை மூடிட்டான். உள்ள பாத்தா வெறும் இங்கிலீஷ் எழுத்து, பாதியில நிக்குது. பாக்குறவன் குடிகாரன்னுதான் சொல்லுவான்."

"ஆபீஸ்ல சொல்லல?"

"சொன்னேன். செயலிக்காரன் கீபோர்டு மேல தப்புங்கிறான். கீபோர்டுக்காரன் செயலி மேல தப்புங்கிறான். கல்யாணத்துல ரசம் பத்தலைன்னா ரெண்டு சம்பந்தியும் பேசுவாங்களே, அந்த மாதிரி. அடுத்த மாசம் சரியாகும்னு சொல்லி ஒரு வருஷம் ஆச்சு."

எனக்கு ஆச்சரியம் இல்லை. சீனத்தில் எழுதுகிற சாட்சிகள் கம்பெனியில் நாலைந்து கிழவர்கள்தான் மிச்சம். நாலைந்து கிழவர்களுக்காக யார் பட்டனை மாற்றுவான்? அவர்களே தீர்ந்து போனால் வம்பும் தீர்ந்துவிடும்.

"சீட்டு போனா என்ன செய்வ?"

"கம்பெனி ஆஸ்டல்ல ரூமும் போயிடும். என் மகன் பெர்த்துக்கு வா வான்னு கூப்பிடுறான்." அவன் ஆஸ்திரேலியாவைச் சொன்னான். "போன வருஷம் போய்ப் பாத்தேன். நாய்க்கு ஒரு ரூம், எனக்கு ஒரு ரூம். பேரனுங்க நம்ம பேச்சு ஒண்ணும் பேசாது. அந்த நாயும் நானும் காலையில ஜன்னல் வழியா மூஞ்சிய பாத்துக்கணும், சாயங்காலம் மறுபடி பாத்துக்கணும். நான் போகல, காத்தான். என்னைத் தூக்கிக்கிட்டுப் போனாத்தான் உண்டு."

அவன் போனால் எனக்கு யாரோ ஒருவன் வருவான். எனக்குப் புது ஆளைப் பிடிக்காது. பழைய ஆளையும் பெரிதாகப் பிடிக்காது, ஆனால் பழகிவிட்டது.

மறுநாள் குழந்தைகள் எழுதிப் பழகுகிற வெள்ளைப் பலகை ஒன்றும் மார்க்கர் ஒன்றும் வாங்கி வந்தேன். ஓய்விடம் வந்ததும் அதில் பெரிதாக எழுதி அவன் முன்னால் பிடித்தேன்: 'வழியில் மழை. விபத்து இல்லை.'

"இதைப் பாத்து அடி."

"எனக்குத் தமிழ் தெரியாது லா."

"தெரிய வேணாம். படம் மாதிரி பாரு. உன் எழுத்துல இருக்கிற கோட்டைவிட இது குறைச்சல்தான். இந்த வளையம் பலகையில எங்க இருக்குன்னு தேடு. அமுக்கு."

தேடினான், அமுக்கினான். தப்பாக அமுக்கி, திட்டி, அழித்து மறுபடி அமுக்கினான். விரல் அவனுடையது, தடுமாற்றமும் அவனுடையதே. கிராணி மோந்து பார்த்துவிட்டு 'தெளிவு' என்றது. இடது சீட்டுச் சாட்சி தமிழ் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்திருக்கும். வண்டிக்குள் கேமராவும் கிடையாது, படம்தான் செல்லாதே.

இரண்டு மாதம் நிம்மதியாக ஓடியது. பிறகு யோகேஸ்வரி கூப்பிட்டாள். சாட்சிகளை மேற்பார்க்கிற அதிகாரி, எங்கள் பிள்ளைகளின் வயதுகூட இருக்காது. எப்போது போனாலும் மேசையில் கெரோப்போக் வறுவல் பொட்டலம் பிரிந்திருக்கும்.

"அங்கிள், உட்காருங்க. உங்க குறிப்பும் ஆ செங் அங்கிள் குறிப்பும் ஒரே அச்சா இருக்கு."

"ஒரே ரோடுதானேம்மா."

"ரோடு ஒண்ணுதான். கண்ணு ரெண்டு ஜோடி இல்லையா? ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் பாப்பாங்கன்னா ஒரு ஆள் போதுமேன்னு மேல கேக்குறாங்க. இப்பவே சொல்லிட்டேன். மூணு மாசத்துல பரிசீலனை வரும்."

வெளியே வந்ததும் ஆ செங்கிடம் சொன்னேன்.

"அப்ப வித்தியாசமா எழுது," என்றான், ஏதோ நான் தேநீரில் சீனி குறைத்துப் போட்டதைப் போல.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. என் குறிப்பை நானாக எழுதுவேன். பிறகு வெள்ளைப் பலகையில் ஆ செங்காக எழுதுவேன். என்னுடையது இப்படி இருக்கும்: 'தாப்பா தாண்டி மழை. லாரி சத்தம் மாறுகிறது. ஏதோ மறைக்கிறது. நம்ப முடியாது.' அவனுடையது: 'தாப்பா தாண்டித் தூறல். பாலத்துக்கு அடியில் மோட்டார்க்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒரு பெண் மழைச்சட்டை மாட்டும்போது கை சிக்கிக்கொண்டது. பக்கத்தில் நின்ற பையன் இழுத்துவிட்டான். லாரி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கலாம், அவர்கள்மேல் தண்ணீர் அடித்தது.'

இப்படியெல்லாம் எனக்கு எழுத வரும் என்று எனக்கே தெரியாது. எழுத எழுத ருசி கண்டுவிட்டது. ஆ செங் பேரில் எழுதும்போது ஆமை ரோட்டைக் கடந்தது, சாலை வேலைக்காரன் தொப்பியில் மாம்பழம் வைத்திருந்தான், பள்ளிக்கூடப் பேருந்தில் ஒரு பிள்ளை கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்திருந்தது என்று கொட்டியது. இவ்வளவு நாளும் எனக்குள்ளே ஒரு எழுத்தாளன் தூங்கிக் கொண்டிருந்தான் என்று முடிவு செய்தேன். எழுத உட்கார்ந்தால் ஆ செங்தான் தொல்லை. வண்டி கிளம்பியதிலிருந்து வாய் ஓயாது.

"ஏய், அங்க பாரு, அந்த ஆள் தோள்ல ஏணிய வச்சுக்கிட்டு மோட்டார் ஓட்டுறான். ஐயோ அலாமா, திரும்புறான், திரும்புறான்!"

"சும்மா இரு. யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

பரிசீலனை முடிந்தது. யோகேஸ்வரி எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். கெரோப்போக் பொட்டலத்தை எங்கள் பக்கம் தள்ளினாள். அப்போதே எனக்குச் சந்தேகம். அதிகாரி தின்னக் கொடுத்தால் பின்னால் ஏதோ வருகிறது.

"ஆ செங் அங்கிள், மொத்தக் கம்பெனியில உங்க குறிப்புதான் மொத இடம். அத எல்லா லாரி மூளைக்கும் பாடமா போட்டாச்சு. தெரியுமா? மழை வந்தா இப்ப நம்ம லாரி எல்லாம் பாலத்தடியில தள்ளிப் போகுது, மெதுவா போகுது. ஒதுங்கி நிக்கிறவங்க மேல தண்ணி அடிக்கிறதில்ல."

ஆ செங் வாயைத் திறந்தான். நான் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன்.

"காத்தையா அங்கிள்..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்க குறிப்புல பாத்தது குறைச்சல், சந்தேகம்தான் ஜாஸ்தி. 'போலீஸ் நிக்கிறான், எதுக்கோ', 'டோல்காரன் சிரிக்கிறான், எதுக்கோ'. வலது சீட்டுக்கு வேற ஆள் போடச் சொல்லிட்டாங்க. நாளைக்குப் போய்த் திரும்புறதுதான் கடைசி. ஆனா தெக்கே ஜொகூர் லாரியில ஒரு சீட்டு காலியாகுது. உங்க பேரைக் கொடுத்திருக்கேன். ரெக்கார்டு சுத்தமா இருந்தா கிடைச்சிடும்."

நான் எழுதிய ஆ செங் என்னைத் தோற்கடித்துவிட்டான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

"இன்னொரு நல்ல செய்தி," என்றாள். "சீனக் கீபோர்டு சரியாயிடுச்சு. பொறுக்குற பட்டன் வேற, முத்திரை பட்டன் வேற. நாளையிலிருந்து ஆ செங் அங்கிள் சீனத்துலயே எழுதலாம்."

வெளியே வந்ததும் ஆ செங் என் சட்டையைப் பிடித்தான். "நான் உள்ள போய் உண்மைய சொல்லிடறேன்."

"சொன்னா உனக்குப் பெர்த், எனக்கு ஜொகூரும் இல்ல. வாயை மூடு. இனிமே உனக்கு என் பலகை தேவையில்ல. எனக்கு ஜொகூர் இருக்கு. ரெண்டு பேருக்கும் சரியா போச்சு."

மறுநாள் கிளம்பினோம். ஆ செங் புதுத் துணி கிடைத்த பிள்ளையாக இருந்தான். ரவாங் வருவதற்குள் பலகையை மடியில் வைத்து அடிக்க ஆரம்பித்துவிட்டான். சத்தத்தை அடிப்பான், வரிசை வரும், பொறுக்குவான். முத்திரை பட்டன் அடங்கிக் கிடக்கும். அதைப் பார்த்துச் சிரிப்பான். மறுபடி அடிப்பான், பிடிக்காமல் அழிப்பான். தலை நிமிரவே இல்லை.

வண்டிக்குள் சத்தமே இல்லை.

தாப்பா வந்தது. கடைசிப் பயணம், நானும் ஒரு நல்ல குறிப்பு எழுதி ஆபீஸ்காரர்கள் முகத்தில் கரி பூசலாம் என்று பலகையை எடுத்தேன். எனக்குள் இருந்த எழுத்தாளனைக் கூப்பிட்டேன். வரவில்லை. வழியில் என்ன பார்த்தேன் என்று யோசித்தேன். நடுவில் இருக்கிற இரும்புத் தடுப்பு. அதற்கு அப்பால் எதிரே வரும் வண்டிகளின் விளக்கு. அவ்வளவுதான். வலது சீட்டில் உட்கார்ந்தவனுக்கு அதுதான் தெரியும். பாலத்தடியும் மோட்டார்க்காரனும் ஆமையும் இடது பக்கம். இத்தனை மாதமும் அவன் பார்த்து உளறியதை நான் பொறுக்கி எழுதிவிட்டு, என் மூளையில் வந்தது என்று நினைத்துக் கொண்டிருந்திருக்கிறேன்.

"டேய், ஏதாவது பேசேன்."

"எழுதுறேன்ல."

"என்ன எழுதுற?"

"மழை இல்ல. ரோடு நல்லா இருக்கு. முடிஞ்சுது."

"அவ்வளவுதானா? இவ்வளவு நேரமா அதையா அடிச்ச?"

"எழுத்துன்னா அளவாத்தான் இருக்கணும். என் வாத்தியார் அடிச்சு சொல்லிக் கொடுத்தாரு. ஒரு வார்த்தை கூடினா ஒரு பிரம்படி. வாய்க்குத்தான் அளவு கிடையாது."

எல்லைக்குப் போய்த் திரும்பி, மறுநாள் மத்தியானம் கிள்ளான் யார்டில் வந்து நின்றோம். யோகேஸ்வரி வெயிலில் ஓடி வந்தாள். கூடவே வலது சீட்டுக்கு வரப்போகிற புது ஆள், பெரிய பையோடு. நான் இறங்குமுன்னே அவன் பையைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டான்.

"ஆ செங் அங்கிள், உங்க பலகைய கிராணி பூட்டிடுச்சு."

"மயக்கமா?"

"அதைவிட மோசம். இடது சீட்டுல வேற ஆள் உட்கார்ந்திருக்கான்னு சொல்லுது. விரல் வேகம் வேற, யோசனை வேற, எழுதுற விதமே வேற. உண்மையான ஆ செங் எங்கேன்னு கேக்குது."

"நான்தான் மா ஆ செங்! இந்தா ஐசி கார்டு, பேரு இருக்கு பாரு."

"ஐசிய அது பாக்காது அங்கிள், விரலைத்தான் பாக்கும். அதுக்கு ஆ செங்னா தமிழ்ல எழுதுறவரு." அவள் பலகையை நீட்டினாள். "பழையபடி தமிழ்ல நாலு வரி எழுதுங்க, போதும். பூட்டைத் திறந்துடும். இல்லேன்னா இன்னிக்கே சீட்டை எடுத்துடும். காத்தையா அங்கிள், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

நான் தள்ளி நின்றேன். என் கையில் வெள்ளைப் பலகை இல்லை. இருந்தாலும் காட்ட முடியாது. ஆ செங் தமிழ் எழுத்துகளையே பார்த்துக் கொண்டிருந்தான். விரல் ஒரு தடவை கீழே போய் மேலே வந்தது. பிறகு பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது மா."

"பின்ன இத்தனை மாசமா எழுதினது யாரு?"

"விரல் என்னுது."

"வார்த்தை?"

அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வண்டியில் ஏறி, சீட்டுக்கு அடியிலிருந்து தன் துணிப்பையை இழுத்து, சிலிப்பரையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் அதில் போட்டான். முந்தாநாள் வாயை மூடு என்று சொன்னவன் நான். நான் சொல்லி அவன் வாயை மூடிய ஒரே தடவை இதுதான்.

"யோகேஸ்வரி, என் முறை எப்ப முடியுது?"

"நீங்க இறங்கி கையெழுத்து போடுற வரைக்கும் நீங்க சாட்சிதான் அங்கிள். ஏன்?"

"சாட்சி எழுதி முத்திரை போட்டா கிராணி என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்ய முடியாது. அது கணிக்கும். நீங்க பாத்தவரு. உங்க குறிப்புதான் நிக்கும்." சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அங்கிள், என்ன எழுதப் போறீங்க? ஜொகூர் இன்னும் முடிவாகல. பாத்து எழுதுங்க."

நான் படியிலிருந்த புது ஆளின் பையை நகர்த்திவிட்டு ஏறி, என் சீட்டில் உட்கார்ந்தேன். என் பலகையில் அடித்தேன். அடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

'இடது சீட்டில் இருப்பவன் ஆ செங். ஆள் மாறவில்லை. தமிழில் வந்ததெல்லாம் நான் எழுதிக் காட்டி அடிக்கச் சொன்னது. அவனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. பார்த்தது எல்லாம் அவன். என் பக்கத்தில் தடுப்புக் கம்பி மட்டும் தெரிந்தது. அவன் இந்த வண்டியில் ஒரு நாளும் தூங்கியதில்லை. நான் சாட்சி.'

யோகேஸ்வரி படியில் நின்று படித்தாள். "இதுக்கு முத்திரை போட்டா உங்களுக்கு ஜொகூர் மட்டும் இல்ல, எந்த லாரியும் இல்ல. நானே நினைச்சாலும் முடியாது."

"தெரியுதும்மா."

"என்னா எழுதின?" என்றான் ஆ செங், பல் பிரஷ்ஷோடு.

"உன்னைத் திட்டி எழுதியிருக்கேன்."

"எவ்வளவு பெருசா?"

"நாலஞ்சு வரி."

"வாத்தியார் இருந்தா உன் முதுகு உரிஞ்சிருக்கும்."

அழுத்தினேன். அவன் பலகை 'டிங்' என்று திறந்துகொண்டது. என்னுடையது கறுப்பானது. நான் இறங்கிக் கையெழுத்துப் போட்டேன். புது ஆள் பையோடு ஏறி என் சீட்டில் உட்கார்ந்து, சாய்மானத்தைப் பின்னால் தள்ளி, ஒரு வாழைப்பழத்தை உரித்தான். கிளம்பும் முன் இரண்டு பேரும் முதல் குறிப்பு போட வேண்டும். ஆ செங் குனிந்து அடித்தான். வரிசை வந்தது. பொறுக்கினான். முத்திரை போட்டான்.

யோகேஸ்வரியின் கையிலிருந்த கருவி அதைத் தமிழில் காட்டியது. எட்டிப் பார்த்தேன்.

'வலது சீட்டு காலி.'

"அங்கிள்," என்று அவள் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள், "அங்க ஆள் உட்கார்ந்திருக்காரே!"

"முத்திரை போட்டாச்சு மா," என்றான் ஆ செங். "யாரும் மாத்த முடியாது."

வண்டி நகர்ந்தது.